கழுவித் துடைத்த பம்ப்

கலைச்செல்வி கோபக்காரி என்பது ஓப்பநாயக்க டவுனில் பஸ் கண்டக்டர் முதல் பேக்கரிக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். ஏன் கோபக்காரி என்று கேட்டவர்தான் யாருமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளிடம் பதில் எப்போதும் தயாராகத்தான் இருந்தது.

நாற்பத்து மூன்று வயது. டவுனுக்கு மேலே, மூடிக் கிடந்த பழைய தேயிலை பெக்டரியில் ஸ்டோர்கீப்பர் வேலை. அங்கே இப்போது தேயிலை இல்லை. கொழுந்து வாட்டிய மாடியில் இரும்புத் தட்டுகள் அடித்து, படை ஹெலிகொப்டர்களின் பழுதான உறுப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில், சுவரெல்லாம் பாசி பிடிக்கிற கட்டடத்தில் கொண்டுவந்து இவற்றை வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. கட்டடம் இவற்றைப் பழுதுபார்க்கும் கம்பெனியின் சேர்மனுடைய மச்சானுக்குச் சொந்தம் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் புண்ணியவான் யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஈரத்தை உறிஞ்சும் மெஷின்கள் ஆறு இரவு பகலாக இரைந்தன. அவற்றின் வாளியில் சேரும் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றுவது ஒரு ஆளின் முழு வேலை.

தொழில் இதுதான். ஹெலிகொப்டரில் சில உறுப்புகள் கெட்டுப்போனால் வீசுவதில்லை. ஒரு பம்பின் விலைக்குத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தையே இடித்துக் கட்டலாம். அதனால் படை முகாமில் மெக்கானிக் அதைக் கழற்றி, என்ன கோளாறு என்று சிவப்பு அட்டையில் எழுதிக் கட்டி, பெட்டியில் போட்டு இங்கே அனுப்புவார். கம்பெனி அதைப் பழுதுபார்க்க வேண்டும். சரியான பிறகு பச்சை அட்டை. பச்சை அட்டை கட்டியது அடுத்த ஹெலிகொப்டருக்குள் ஏறும். எது எங்கே கழற்றப்பட்டது, எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பச்சை அட்டையில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று பரிசோதனை அறை இன்ஜினியருடையது. இது இன்று ஓடுகிறது என்பதற்கு. மற்றது ஸ்டோர்கீப்பருடையது, இதன் வரலாற்றில் மறைத்தது எதுவும் இல்லை என்பதற்கு.

அந்த இரண்டாவது கையெழுத்துத்தான் கலைச்செல்வியுடையது. அதைப் போடுவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவள் அம்மா கருப்பாயி இதே பெக்டரிக்குக் கொழுந்து பறித்துப் போட்டவள். தராசில் இருபத்தொரு கிலோ நிற்கும். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் பதினெட்டு எழுதுவார். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு. "வெயிலு காயுதுங்களே ஐயா, எங்கங்க ஈரம்?" என்று ஒருநாள் கருப்பாயி கேட்டதற்கு, அடுத்த நாள் அவளுக்குக் கிடைத்தது கொழுந்தே இல்லாத, புல் மண்டிய மலை. ஏழு வயதில் தராசுக்குப் பக்கத்தில் நின்று முள்ளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தவள் கலைச்செல்வி. கண்ணால் கண்டதும் புத்தகத்தில் எழுதியதும் வேறு வேறாக இருந்தால் அவளுக்கு இன்றைக்கும் தலைக்கேறும்.

ஏ.எல். பரீட்சை முடித்து, ரத்தினபுரியில் கார்மன்ட் ஸ்டோரில் ஒன்பது வருஷம் நூல்கண்டு எண்ணிவிட்டு, இந்த வேலைக்கு வந்தாள். முகாமில் ஆறு மாதப் பயிற்சி. முப்பது பேரில் ஒரே பெண், ஒரே தமிழ் ஆள். தினமும் காலையில் வாசலில் அவளுடைய கைப்பையை மட்டும் மேசையில் கொட்டிப் பார்த்தார்கள். ஆறு மாதமும் கொட்டினார்கள். அவளும் ஆறு மாதமும் ஒவ்வொரு சாமானாக எடுத்து மறுபடி பைக்குள் வைத்தாள். ஒரு நாளும் அவசரப்படவில்லை, பின்னால் வரிசை நீளட்டும் என்று. பாடம் சொன்ன சார்ஜன்ட் ரத்நாயக்க மட்டும் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். முடிவில் முதலாவதாக வந்தது அவள்.

பெக்டரிக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் கந்தல் துணிக்குச் சட்டம் போட்டது. இன்ஜின் துடைக்கும் துணியை எங்காவது மறந்து விட்டால் அது உள்ளே போய் உயிரை வாங்கும். அதனால் பழைய துணியைக் கொடுத்தால்தான் புதுத் துணி. தோட்டத்தில் இது பழக்கப்பட்ட சட்டம்தான். தேயிலைச் செடி வெட்டித் தேய்ந்த கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுபோய் வைத்தால்தான் தோட்டத்து ஸ்டோரில் புதுக் கத்தி கொடுப்பார்கள். கலைச்செல்வி ஒரு படி மேலே போனாள். வாங்கிய பழந்துணியைப் பொலித்தீன் பையில் போட்டு, யார், என்று, எந்தச் சாமானைத் துடைத்தது என்று எழுதி மூன்று மாதம் வைத்திருந்தாள். பெக்டரியில் எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் பாலசுப்பிரமணியம் அவளுக்குக் 'கந்தல் ராணி' என்று பெயரே வைத்தார்.

பாலசுப்பிரமணியம் டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். ஆணி விற்றவருக்கு ஹெலிகொப்டர் என்ன பெரிய காரியம் என்று சேர்மன் நினைத்திருக்க வேண்டும். நல்ல பேச்சுக்காரர். எல்லாவற்றையும் பூசி மெழுகுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு மாதக் கடைசியில் பச்சை அட்டைத் தட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து இருக்கிறதா இல்லையா என்பதுதான். குறைந்தால் கம்பெனிக்கு ஒப்பந்தம் போய்விடும். ஒப்பந்தம் போனால் அவர் மறுபடியும் ஆணி விற்க வேண்டும்.

இந்த மே மாதம், முகாமிலிருந்து எண்ண வருகிற நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், ஒரு பம்ப் வந்தது. ஹெலிகொப்டர் ஓட்டுபவரின் கைப்பிடிக்குப் பலம் கொடுக்கிற எண்ணெய்ப் பம்ப். அது நடுவானில் நின்றால் பிடி கல்லாகிவிடும். சிவப்பு அட்டையைக் கலைச்செல்வி ஒரு தடவை வாசித்தாள். 'பறக்கும்போது அழுத்தம் விட்டுவிட்டு இறங்குகிறது. எண்ணெயில் உலோகத் துகள். திறந்து பார்க்கவும்.' அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை. திங்கட்கிழமை அம்மாவை ரத்தினபுரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். செவ்வாய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை உள்ளே வைத்துவிட்டுப் போனாள். அவள் வாழ்க்கையில் எதையும் செவ்வாய்க்குத் தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை வந்தபோது மேசையில் பம்ப் பளபளவென்று இருந்தது. கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி. பக்கத்தில் மூக்கையா கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றார்.

மூக்கையாவுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டியவர். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, ஐந்து மாதமாக இங்கே வாளித் தண்ணீர் ஊற்றுகிறார், பெட்டி தூக்குகிறார். எந்தச் சாமானையும் அழுக்கோடு கையில் கொடுப்பது அவருக்குத் தெரியாது. தோட்டத்து ஸ்டோரில் மண் ஒட்டிய கத்தியை நீட்டினால் முகத்தில் வீசியடிப்பார்கள். அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் விழும். முப்பது வருஷமாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவித்தான் ஒப்படைத்துப் பழக்கம்.

"என்னா செஞ்சீங்க மூக்கையாண்ணே?" என்றாள்.

"ஒரே எண்ணெயா இருந்திச்சுங்க மிஸ். பெட்டியெல்லாம் ஒழுகிச்சு. நீங்க வேற இல்ல. அதான் மூடியக் கழட்டி, உள்ள இருந்ததக் கவுத்து ஊத்தி, மண்ணெண்ணெ ஊத்திக் கழுவி, குச்சியில துணியச் சுத்தி உள்ளாறையும் தொடச்சிட்டேன். பாருங்க, மூஞ்சி பாக்கலாம்."

"அட்டை எங்க?"

"அதுவும் எண்ணெயில ஊறிப்போச்சுங்க. அலசிக் காயப் போட்டிருக்கேன்."

ஜன்னல் கம்பியில் துணி உலர்த்தும் கிளிப்பில் சிவப்பு அட்டை தொங்கியது. ஒரு எழுத்து இல்லை. பேனா மை முழுவதும் கரைந்து அட்டையின் ஓரத்தில் நீலமாகத் தேங்கியிருந்தது.

அவள் கத்தினாள். பெக்டரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கெட்டுப்போன சாமான் என்பது ஒரு சாட்சி. அதன் அழுக்குத்தான் அது சொல்கிற வாக்குமூலம். அதைக் கழுவி விட்டுவிட்டு மூஞ்சி பார்க்கலாம் என்கிறீர்களே, உங்கள் மூஞ்சியில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினாள். மூக்கையாவின் முகம் சுருங்கிப்போனது. கடைசியில் மெதுவாக, "கழுவக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்களே மிஸ்" என்றார்.

"இந்தா இவ்வளவு பெரிசா போர்டு தொங்குதே! கண்ணு தெரியாதா?"

மூக்கையா போர்டைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே சிங்களத்தில் ஒரு வரி. எதையும் கழுவவோ துடைக்கவோ கூடாது. மூக்கையா சிங்களம் பேசினால் கேட்கிறவர்கள் அவரைப் பெல்மதுளைச் சிங்களவர் என்றுதான் நினைப்பார்கள். அவ்வளவு சுத்தமாகப் பேசுவார். ஆனால் வாசிக்கத் தெரிந்தது தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ் மட்டும்தான். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேர் அப்படித்தான். அது அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவும் அப்படித்தான்.

போர்டை எழுதியது அவள். மூன்றாவது வரிக்கு இடமில்லை என்று பாலசுப்பிரமணியம் சொன்னபோது, சரி சேர் என்று தலையாட்டியதும் அவள்தான். எல்லாரிடமும் சண்டை போடுகிறவள் அன்றைக்கு மட்டும் சண்டை போடவில்லை. புது வேலை, முதல் வாரம், நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. ஒரு முழப் பலகையில் தன் ஆட்களுக்கு ஒரு வரி இடம் கேட்கத் துணிவில்லாமல் இருந்திருக்கிறாள். மூக்கையாவின் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது. அது இன்னும் சூடாக இருந்தது.

அன்று மத்தியானமே பாலசுப்பிரமணியம் பம்பைப் பரிசோதனை அறைக்கு அனுப்பிவிட்டார். சுத்தமான எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிஷம் ஓட்டினார்கள். ஓடியது. ஓடத்தான் செய்யும், விட்டுவிட்டுத்தானே நிற்கிறது. 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்ற தாளோடும் இன்ஜினியரின் கையெழுத்தோடும் பச்சை அட்டை அவள் மேசைக்கு வந்தது.

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சேர், இது ஓடாது. சிவப்பு அட்டையில எழுதியிருந்தத நான் வாசிச்சேன். எண்ணெயில துகள் இருக்குன்னு எழுதியிருந்திச்சு. உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு. திறந்து பாக்கணும்."

"எங்க எழுதியிருக்கு, காட்டுங்களேன்" என்றார் அவர், ஓரத்தில் நீலம் பூத்த அந்தச் சிவப்பு அட்டையை நீட்டி. "முகாமுக்குக் கோல் எடுத்துக் கேட்டாச்சு. அவங்க புத்தகத்துல அழுத்தம் குறைவுன்னு மட்டும்தான் இருக்கு. எழுதின மெக்கானிக் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிட்டாராம். அழுத்தம் குறையிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும் கலைச்செல்வி. குழாய் லூசா இருந்திருக்கும்."

"திறந்து பாத்தா தெரிஞ்சிடும்தானே?"

"திறந்தா மூணு மாசம். வியாழக்கிழமை எண்ணிக்கை. ஒரு பம்ப் குறைஞ்சா எண்பத்தஞ்சுக்குக் கீழ போயிடும். சரி, அத விடுங்க. மழை வருது, வெள்ளம் வந்தா ஹெலி பறக்கணுமா இல்லையா? நிவித்திகலப் பக்கம் மலை சரிஞ்சா யாரத் தூக்கப் போகுது அது? நம்ம சனத்தத்தானே?"

இதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம சனத்தத் தூக்குற ஹெலியிலதான் சேர் இந்தப் பம்பப் போடச் சொல்றீங்க."

பாலசுப்பிரமணியத்தின் குரல் மாறியது. அதுவரை 'நீங்க' என்றவர் 'நீ'க்கு இறங்கினார். "இங்க பாரு. பம்ப் கெட்டதுன்னு நீ சொன்னா, ஆதாரத்தக் கழுவினது யாருன்னு கேள்வி வரும். மூக்கையாவுக்கு அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிரும். தோட்டத்திலயும் பேர் இல்ல, இங்கயும் இல்லன்னா அந்த மனுசன் எங்க போவான்? நல்லா இருக்குன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணுமில்ல. கையெழுத்துத்தான். வியாழக்கிழமை காலைக்குள்ள போட்டுரு."

அவள் அட்டையைத் தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினாள். சாவியைச் சேலை மடிப்பில் செருகினாள். பேனாவைத் தொடவில்லை. தொட்டால் அட்டையைக் குத்திக் கிழித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. போடாவிட்டால் மூக்கையா, போட்டால் பெயர் தெரியாத யாரோ. அதை யோசிக்க யோசிக்க, தன்னை இப்படி ஒரு மூலையில் நெருக்கி நிறுத்திவிட்டு நிம்மதியாக டீ குடிக்கிற அந்த மனுஷனின் மேல்தான் ஆத்திரம் வந்தது. தராசு அதேதான். அன்றைக்குச் சாக்கு, ஈரம் என்றார்கள். இன்றைக்கு எண்பத்தைந்து வீதம் என்கிறார்கள்.

புதன்கிழமை காலை மூக்கையா ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். நேற்று வாங்கிய திட்டில் கண் நிமிரவில்லை. கையில் ஒரு கந்தல்.

"புதுத் துணி ஒண்ணு வேணுங்க மிஸ். வாளி துடைக்க."

சட்டம் சட்டம்தான். "பழசு?"

"இந்தாங்க. திங்கக்கெழம தொடச்சது. நேத்து நீங்க கோவத்துல இருந்தீங்க, அதான் குடுக்கல."

பையில் போட்டு 'மூக்கையா, திங்கள்' என்று எழுதிவிட்டு, "எந்தச் சாமான் துடைச்சது?" என்று வழக்கம்போல் கேட்ட பிறகுதான் அவள் கை நின்றது. மூக்கையாவும் நின்றார். இருவரும் துணியைப் பார்த்தார்கள். கார்மன்ட் வெட்டுத் துணி. வெள்ளையாக இருந்து, சிவப்பு எண்ணெய் காய்ந்து துருநிறமாகியிருந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். மடிப்புக்குள் மினுமினுப்பு. இங்கொன்றும் அங்கொன்றும் இல்லை. விரல் நகத்தளவு இடத்தில் அப்பிக் கிடந்தது. மேசையிலிருந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். பாதி எழுந்து ஒட்டியது. ஒட்டாத மீதி பித்தளை நிறத்தில் இருந்தது. இரும்பும் பித்தளையும் சேர்ந்து தேய்கிற இடம் அந்தப் பம்பின் வயிற்றுக்குள் மட்டும்தான்.

மூக்கையா முட்டாளில்லை. "இதத்தான் நான் கழுவி விட்டுட்டேனா?" என்றார்.

"ஆமாண்ணே. ஆனா துணியத் தூக்கி வீசல."

"வீசுனா புதுசு குடுக்க மாட்டீங்களே." பிறகு ஜன்னலோடு சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "காட்டுனா எனக்கு வேல போயிடும்னு மேனேஜர் ஐயா சொன்னாருங்க, நேத்து பின்னேரம் கூப்பிட்டு. கந்தல் எதாச்சும் இருந்தா எரிச்சிரச் சொன்னாரு."

"ஏன் எரிக்கல?"

"பழசு இல்லாம எப்படிங்க புதுசு கேக்குறது?" என்றார் மூக்கையா. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு, எண்ணுவதற்கு முகாமிலிருந்து சார்ஜன்ட் ரத்நாயக்க வந்தார். தலை நரைத்திருந்தது. தட்டுத் தட்டாக எண்ணிக்கொண்டு வந்தார். பச்சைத் தட்டில் பம்ப் இருந்தது, அட்டை இல்லை. பாலசுப்பிரமணியம் சிரித்துக்கொண்டே, "அட்டை மிஸ்கிட்ட இருக்கு சேர், ஒரு கையெழுத்து மட்டும்" என்றார் சிங்களத்தில்.

கலைச்செல்வி லாச்சியைத் திறந்தாள். பச்சை அட்டையையும் பொலித்தீன் பையையும் காந்தத்தையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். தனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில், ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னாள். சனிக்கிழமை அட்டையில் என்ன வாசித்தாள், ஏன் அன்றே பதியவில்லை, திங்கட்கிழமை என்ன நடந்தது, இந்தத் துணி எது. பாலசுப்பிரமணியம் நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் அவள் குரலை உயர்த்தினாள். மாடியில் ஈரம் உறிஞ்சும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே அது கேட்டது.

சார்ஜன்ட் துணியை விரித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு மூக்கையாவைக் கூப்பிட்டு, "போர்டைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

மூக்கையா நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். "பார்த்தேன் மாத்தயா. தினமும் பார்க்கிறேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து அதில் இல்லை."

பாலசுப்பிரமணியம்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "இவன நாளைக்கே நிறுத்திடுறேன் சேர். படிப்பறிவில்லாத ஆள்..."

"போர்டு எழுதினது நான்" என்றாள் கலைச்செல்வி, தமிழில். அவரைப் பார்த்துத்தான். "இடமில்லன்னு சொன்னது நீங்க. சரின்னு கேட்டுக்கிட்டு எழுதினது நான். அவருக்கு ஒருத்தரும் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லிக் குடுக்கல. நிறுத்துறதுன்னா என்னைய நிறுத்துங்க. எழுதியே தாரேன்." எழுதியும் கொடுத்தாள். அங்கேயே, நின்றபடியே, சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பேனா அழுத்தியதில் அடுத்த மூன்று தாள்களிலும் எழுத்துப் பதிந்திருந்தது.

சார்ஜன்ட் பம்புக்குப் புதிதாக ஒரு சிவப்பு அட்டை கட்டி, துணியையும் சேர்த்துத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் முகாமிலிருந்து செய்தி வந்தது. திறந்து பார்த்தார்களாம், உள்ளே ஒன்பது பிஸ்டனில் இரண்டின் அடி பிளந்திருந்ததாம். இன்னும் சில மணி நேரம் தாங்கியிருக்கும். அதற்கு மேல் இல்லை.

கம்பெனிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. 'கந்தல் துணியைக் கூடப் பாதுகாக்கும் முன்மாதிரியான ஒழுங்கு' என்று முகாம் எழுதிய கடிதத்தைப் பாலசுப்பிரமணியம் கண்ணாடி போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டினார். ஒரு பம்ப் குறைந்ததை மன்னித்து, ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டினார்கள். மூக்கையாவை நிறுத்த முடியவில்லை. குற்றத்தை வேறொருத்தி எழுத்திலேயே ஏற்றுக்கொண்டு விட்டாளே. கலைச்செல்விக்கு மட்டும் கடிதம் வந்தது. ஊழியருக்குப் பயிற்சி அளிக்கத் தவறியது, பதிவைத் தாமதித்தது. ஸ்டோரிலிருந்து நீக்கி, வாசலில் வந்துபோகும் வண்டிகளின் இலக்கம் எழுதும் வேலை. கடிதம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. இரண்டையும் அவளால் நன்றாக வாசிக்க முடியும். ஆனாலும் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது மொழியிலும் வந்தால்தான் கையெழுத்து என்றாள். ஒரு மாதம் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் பிழை பிழையாக ஒரு தமிழ்க் கடிதம் வந்தது. பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் சரியான சொல்லை எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வாசல் கூண்டில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் சாமான் ஒரு டின் பெயின்ட். தரவில்லை. தன் காசில் வாங்கி, மாடியிலிருந்த போர்டில் சிங்களத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே இருந்த இடத்தில் தமிழ் வரியை எழுதினாள். இடம் தாராளமாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட அதிகமாகக் கோபம் வந்தது.

ஆகஸ்ட் மாதம் மழை பிடித்தது. மூன்று நாளாக விடவில்லை. நிவித்திகலப் பக்கம் மண் சரிந்து இரண்டு லயம் மூடிப்போனதாக ரேடியோவில் சொன்னார்கள். நாலாம் நாள் பின்னேரம் வேலை விடுகிற நேரம் மூக்கையா குடையில்லாமல் வாசல் கூண்டுக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே நாலைந்து எண்ணெய்க் கந்தல்.

"என்னாண்ணே இது?"

"புது ஸ்டோர்கீப்பர் பழசக் கேக்குறதே இல்லீங்க மிஸ். சும்மா குடுக்குறாரு. பழசக் குப்பையில போடச் சொல்றாரு. எனக்கு மனசு கேக்கல. அதான் ஒங்ககிட்ட கொண்டாந்தேன்."

மலைக்கு மேலே மேகத்துக்குள் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. நிவித்திகலப் பக்கமாகப் போனது. கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் ஒரே சீராக, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது முழுதாகத் தேய்ந்து போகும்வரை இருவரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கலைச்செல்வி வண்டி இலக்கப் புத்தகத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் தேதியும் மூக்கையாவின் பெயரும் எழுதினாள்.

"முதல் துணி. எந்தச் சாமான் துடைச்சது?" என்று கேட்டாள்.